தந்தை கற்பித்த பாடல்கள்

மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைத்தட்டு. மன்னர் பரம்பரைகளையும் போர்க்களங்களையும் வரலாறு என்று படித்துப் பழகிய உங்களுக்கு இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றக்கூடும். ஆயினும் ஒரு குடும்பம் எதை மறவாமல் காத்து வைத்திருந்தது, அது எவ்வழியாக மற்றவர் கைக்கு மாறியது என்று ஆராய்வதும் வரலாற்றின் வேலைதான். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1958ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அந்த இசைத்தட்டின் பெயரைத் தமிழில் சொல்வதானால், 'எங்கள் தந்தை எங்களுக்குக் கற்பித்த பாடல்கள்' என்று சொல்ல வேண்டும். பாடியவர்கள் டான் எவர்லி, பில் எவர்லி என்னும் உடன்பிறந்தார் இருவர். அண்ணனுக்கு அப்போது வயது 21, தம்பிக்கு 19.

அவ்வயதில் அவர்கள் பெற்றிருந்த புகழைச் சொன்னால்தான் அவர்கள் செய்த செயலின் அருமை விளங்கும். 1957ஆம் ஆண்டு 'பை பை லவ்' என்ற ஒரே பாட்டினால் நாடறிந்தவர் ஆயினர். அதே ஆண்டில் வெளிவந்த 'வேக் அப் லிட்டில் சூசி' என்ற பாட்டும், மறு ஆண்டின் 'ஆல் ஐ ஹாவ் டு டூ ஈஸ் டிரீம்' என்ற பாட்டும் விற்பனையில் முதலிடம் பெற்றன. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவர்கள்; உங்கள் வயதினர். இரவில் திரைப்படம் பார்க்கப்போன இடத்தில் உறங்கிவிட்டு, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் ஓர் இளைஞனும் பெண்ணுமே அந்தச் சூசிப் பாட்டின் பொருள். தாளம் துள்ளும்; கிதார் முழங்கும். இத்தகைய பாட்டுகளால் பொருள் குவிந்துகொண்டிருந்த வேளையில், அதே போன்ற மற்றொரு தட்டையே எந்த வணிகரும் கேட்டிருப்பார். இவ்விளைஞர்களோ முரசும் மின்கிதாரும் இல்லாமல், மரக் கிதாரையும் ஒரு பெரிய பேஸ் தந்திக்கருவியையும் மட்டும் துணையாகக் கொண்டு, பிறர் இயற்றிய பன்னிரண்டு பழம் பாடல்களைப் பாடித் தந்தனர். அவற்றில் இவர்கள் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை.

இந்தப் பாடல்களைக் கற்பித்த தந்தை யார்? அவர் பெயர் ஐக் எவர்லி. கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மியூலன்பர்க் என்றொரு மாவட்டம் உண்டு. நிலக்கரி நிறைந்த பூமி. ஐக் அங்கே இளமையிலேயே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். மூத்த மகன் டான் 1937ஆம் ஆண்டு பிறந்ததும் அம்மாவட்டத்தில் பிரௌனி என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில்தான். அந்தக் குடியிருப்பு பிற்காலத்தில் இல்லாமலே போய்விட்டது. சுரங்கத்தின் இருளை விட்டு வெளியேற ஐக் கண்ட வழி கிதார் ஒன்றே. குடும்பம் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளையவன் பில் 1939இல் அங்கே பிறந்தான்.

ஐக் கிதார் வாசித்த முறையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மியூலன்பர்க் வட்டாரத்தில் ஒரு தனிப் பாணி வழங்கியது. கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளைத் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டிருக்கும். அதே வேளையில் சுட்டுவிரல் மேல்தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிக்கும். கண்ணை மூடிக் கேட்பவர் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே எண்ணுவர். அவ்வட்டாரத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்த ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின இசைஞரிடமிருந்து இப்பாணி வெள்ளையர்க்கு வந்தது என்பது அங்கே வழங்கும் செய்தி. ஷுல்ட்ஸ் 1931இல் இறந்தார். அவர் வாசிப்பை எவரும் தட்டில் பதிவு செய்யவில்லை. ஆயினும் பாணி மறையவில்லை. மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகிய இரு சுரங்கத் தொழிலாளரிடம் மெர்ல் டிராவிஸ் என்ற இளைஞர் அதைக் கற்றார். டிராவிஸ் வானொலியில் வாசிக்கக் கேட்டு, அவரை நேரில் காணாமலே, செட் அட்கின்ஸ் என்பவர் தம் பாணியை அமைத்துக்கொண்டார். அந்த அட்கின்ஸே பின்னாளில் நாஷ்வில் நகரின் தலைசிறந்த கிதார்க் கலைஞராகி, ஐக்கின் புதல்வர்கள் புகழ்பெற்ற தட்டுகளைப் பதிவு செய்தபோது அவர்களுக்குப் பின்னணியாக வாசித்தார். ஏகலைவன் கதையைப் படித்த நமக்கு இதன் சுவை நன்கு புரியும். இங்கே கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்பார் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு!

1940களின் நடுவில் குடும்பம் ஐயோவா மாநிலத்தில் ஷெனன்டோவா என்ற சிற்றூருக்கு வந்தது. சிறிய ஊர், ஆனால் அங்கே வானொலி நிலையங்கள் இரண்டு இருந்தன. அவற்றைத் தொடங்கியவர்கள் இசைவாணரும் அல்லர், அரசினரும் அல்லர், விதை வணிகர்கள். ஹென்றி ஃபீல்டு என்பவர் 1924இலும், ஏர்ல் மே என்பவர் 1925இலும், தம் விதைகளையும் நாற்றுகளையும் உழவர்க்கு விளம்பரப்படுத்த நிலையம் அமைத்தனர். உழவன் விடியுமுன் எழுகிறான். அவன் வீட்டில் வானொலி ஒலிக்க வேண்டுமானால் பாட்டு வேண்டும். ஆகவே பாடுவோரும் விடியுமுன் எழ வேண்டியதாயிற்று. ஐக்கும் அவர் மனைவி மார்கரெட்டும் இரு சிறுவர்களும் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று பாடினர். நிகழ்ச்சி முடிந்ததும் சிறுவர்கள் பள்ளிக்குச் சென்றனர். ஆசிரியனாக வாழ்நாளைக் கழித்த எனக்கு, முதல் பாடவேளையில் அந்தப் பிள்ளைகளுக்குக் கண் எப்படிச் சொக்கியிருக்கும் என்ற நினைவுதான் முதலில் வருகிறது.

நேயர்களே, அக்காலத்தில் வானொலிப் பாட்டு என்பது அந்த நேரத்தில், அந்த அறையில், உயிருள்ளவர் நின்று பாடிய பாட்டு. 1950களில் அந்நிலை மாறியது. தட்டைச் சுழலவிட்டால் போதும். பாடகர்க்கு ஊதியம் தர வேண்டியதில்லை என்று நிலையங்கள் கண்டுகொண்டன. தொலைக்காட்சியும் நேயர்களை இழுத்தது. எவர்லி குடும்பம் 1953இல் டென்னிசி மாநிலத்து நாக்ஸ்வில் நகருக்குச் சென்று அங்கும் வானொலியில் பாடியது. ஆனால் குடும்பமாக நின்று பாடுவோர்க்குக் காலம் முடிந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அந்நிகழ்ச்சியும் நின்றது. பெற்றோர் வேறு பிழைப்புத் தேடினர். இசைத்தட்டு தந்தையின் தொழிலைப் பறித்தது. புதல்வர்களின் வாழ்வுக்கு வழி திறந்ததும் அதே இசைத்தட்டுதான்.

வழி உடனே திறந்துவிடவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றுக்காக 1955இல் பாடிய பாட்டுகள் விலைபோகவில்லை. பிறகு ஆர்ச்சி பிளேயர் என்பவர் நடத்திய கேடன்ஸ் என்ற சிறு நிறுவனம் அவர்களை ஏற்றது. பூத்லோ பிரையன்ட், ஃபெலீஸ் பிரையன்ட் என்ற கணவனும் மனைவியும் எழுதி, பாடகர் பலர் வேண்டாம் என்று தள்ளிய 'பை பை லவ்' அவர்கள் கைக்கு வந்தது. அதன்பின் நடந்ததை முன்னரே சொன்னேன்.

இனி அந்தத் தட்டுக்கு வருவோம். 1958 ஆகஸ்டு மாதத்தில் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அது பதிவாயிற்று. பேஸ் வாசித்தவர் ஃபிளாய்ட் சான்ஸ். வேறு கருவி எதுவும் முந்திக்கொண்டு நிற்காமையால் இரு குரல்களின் இணைப்பும் நன்கு தெரிகிறது. நம் இசையில் இருவர் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே சுரத்தில் நிற்பர். இவர்கள் முறை வேறு. அண்ணன் கீழ்நின்று மெட்டைப் பாட, தம்பி பெரும்பாலும் அதற்கு மூன்றாவதாக மேலே நிற்கும் சுரத்தைப் பிடித்துக்கொண்டு உடன் செல்வான். அண்ணன் சட்சமத்தில் நின்றால் தம்பி காந்தாரத்தில் நிற்பான் என்று கொள்ளலாம். இரண்டு குரலும் ஒரே வேளையில் மூச்செடுத்து, ஒரே வேளையில் சொல்லை முடிக்கும். தம்பியின் குரலைத் தனியே பிரித்துக் கேட்டால் அதுவும் தன்னளவில் நிறைவான ஒரு மெட்டாகவே இருக்கும். எது மூலம், எது துணை என்று கேட்பவர் மயங்குவர்.

இம்முறையை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1930களிலேயே டெல்மோர் சகோதரர், மன்ரோ சகோதரர் என்று உடன்பிறந்த பாடகர் இணைகள் பல தென் மாநிலங்களில் இருந்தன. அவர்களுள் என் உள்ளத்துக்கு உகந்தவர்கள், நீல வானச் சிறுவர் என்று பொருள்படும் பெயர் பூண்ட பில், ஏர்ல் போலிக் என்னும் வட கரோலினா சகோதரர். மெல்லிய மாண்டலின், மெல்லிய கிதார், அதனினும் மெல்லிய குரல்கள். மின்கிதாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தட்டு நிறுவனம் வற்புறுத்தியபோது முடியாது என்று மறுத்தவர்கள். 1951இல் பாடும் தொழிலை விட்டே விலகினர். அவர்கள் 1947இல் பாடிப் பதித்த 'கென்டக்கி' என்ற பாட்டு எவர்லி சகோதரரின் பன்னிரண்டில் ஒன்று. விலகிப்போனவர்களின் குரலை நினைவில் வைத்திருந்து, நாட்டிலேயே அதிகம் கேட்கப்பட்ட இரு இளைஞர்கள் அதே அடக்கத்தோடு பாடினார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழம் பாடல்கள் என்று சொன்னேன். எவ்வளவு பழமை? வரலாற்று மாணவர் இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். 'பார்பரா ஆலன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பெப்பிஸ், ஒரு நடிகை அப்பாட்டைப் பாடக் கேட்டு மகிழ்ந்ததாக 1666ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டு குடியேறிகளின் வாயோடு கடல் கடந்து அமெரிக்க மலைகளில் தங்கியது. 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கில அறிஞர் அப்பலாச்சிய மலைக் குடிசைகளில் ஏறி இறங்கி, இத்தகைய பாட்டுகளை நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டார். அவர் தேடியது இங்கிலாந்திலிருந்து வந்த தொன்மைப் பாட்டுகளை. அச்சுக் கடையிலிருந்து வந்த புதுப் பாட்டுகளில் அவருக்கு ஆர்வம் இல்லை.

சுரங்கத் தொழிலாளி ஐக் எவர்லிக்கு அப்படிப் பிரிக்கத் தெரியாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. சாகக்கிடக்கும் குழந்தை தன் சிறு காலணிகளை எடுத்து வைக்கும்படி தாயிடம் சொல்லும் ஒரு பாட்டு அத்தட்டில் உண்டு. அது 1873இல் அச்சில் விற்கப்பட்டது. பயணச்சீட்டு இல்லாத சிறுவன், நோயுற்ற தாயைக் காணப் போகிறேன், வண்டியிலிருந்து இறக்கிவிடாதீர் என்று நடத்துநரை வேண்டும் பாட்டு, 1898இல் நகரத்துப் பாட்டு வணிகர் வெளியிட்டது. காதலியை ஆற்றங்கரையில் கொன்றவன் தூக்குமேடையில் நிற்கும் 'டவுன் இன் தி வில்லோ கார்டன்' என்ற கதைப்பாட்டு, 1927இலேயே கிரேசன், விட்டர் என்ற இருவரால் இசைத்தட்டில் ஏறியது. நரைத்த தலையுடைய தந்தையை நினைந்து மகன் வருந்தும் பாட்டோ, திரைப்படக் குதிரைவீரராகப் பின்னாளில் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரி, ஜிம்மி லாங் என்பவரோடு சேர்ந்து எழுதி 1931இல் பதிவு செய்தது. அதாவது, டான் பிறப்பதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பாட்டு!

ஆகவே அத்தட்டைக் கேட்கும்போது, கிணறு தோண்டுகையில் மண் அடுக்கடுக்காகத் தெரிவதுபோலப் பல காலங்கள் தெரிகின்றன. பதினேழாம் நூற்றாண்டு ஓர் அடுக்கு. விக்டோரியா காலத்துக் கண்ணீர்ப் பாட்டு ஓர் அடுக்கு. கிராமபோன் கொண்டுவந்தது ஓர் அடுக்கு. வானொலியிலிருந்து செவியால் பொறுக்கியது ஓர் அடுக்கு. தந்தை அவற்றை ஒரே கிதாரில், ஒரே தொண்டையில் பாடியபோது எல்லாம் ஒரே வீட்டுச் சொத்து ஆகிவிட்டன. பரம்பரை என்றால் ஆதியிலிருந்து மாறாமல் வருவது என்று நாம் எண்ணுகிறோம். இந்தத் தட்டைக் கேட்டபின் நான் அப்படி எண்ணுவதில்லை. ஒருவர் விரும்பிப் பாடி, மற்றொருவர் விரும்பிக் கற்றுக்கொண்டால் அதுவே பரம்பரை. பாட்டுக்கு வயது முந்நூறா முப்பதா என்பது பிறகு வரும் கேள்வி.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பன்னிரண்டில் பல, பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றியவை. சிறையிலிருக்கும் மகனை விடுவிக்க வந்து காவல் அதிகாரியிடம் மன்றாடும் மூதாட்டி, சாய்வாடும் நாற்காலியில் தனியே அமர்ந்து வராத பிள்ளைகளை எண்ணும் தாய், மேலே சொன்ன தந்தை, சிறுவன், குழந்தை. பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சும் இளையோரின் பாட்டால் பெயர் பெற்றவர்கள், அதே இளையோரிடம் இந்த முதியவர்களை அழைத்து வந்தனர். இதற்குத் துணிவு வேண்டும். மிகையாக உருகிப் பாடியிருந்தால் நகைப்புக்கிடமாகியிருக்கும். அவர்களோ உருகவில்லை, நடந்ததை நடந்தவாறு சொல்பவர்போலப் பாடினர். கொலைப் பாட்டைக்கூடத் தாலாட்டுப்போல அமைதியாகப் பாடினர். அந்த அமைதிதான் கேட்பவரை நடுக்குகிறது.

வணிக முறையில் தட்டு வெற்றி பெறவில்லை. விற்பனைப் பட்டியலில் அது ஏறவே இல்லை. இத்தனைக்கும் காலம் சாதகமாக இருந்தது. அந்த 1958 நவம்பரில்தான் கிங்ஸ்டன் டிரியோ என்ற மூவர் குழு, 'டாம் டூலி' என்ற மலைநாட்டுக் கொலைப் பாட்டைப் பாடி நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. கல்லூரி மாணவர்கள் நாட்டுப்பாடல் மேல் மோகம் கொண்டனர். அந்த மூவர் பாடிய பாட்டு, மலைவாசி ஃபிராங்க் பிராஃபிட்டிடம் பாடல் தேடிச் சென்ற ஒருவர் கேட்டு எழுதி, பிறகு நூலில் ஏறி வந்தது. எவர்லி சகோதரர்க்கு நூல் வேண்டியிருக்கவில்லை. அடுப்பங்கரையில் கேட்டதைப் பாடினர். ஆனால் மாணவர் கூட்டம் அவர்களைத் துள்ளல் பாட்டுக்காரர் என்றே வைத்திருந்தது. இன்ன கடையில் இன்ன சரக்குதான் கிடைக்கும் என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் உள்ளதன்று.

பின்கதையைச் சுருக்கமாகவே கூறுகிறேன். 1968இல் 'ரூட்ஸ்', அதாவது 'வேர்கள்', என்ற பெயரில் அவர்கள் மற்றொரு தட்டு வெளியிட்டனர். அதில் 1952ஆம் ஆண்டுக் குடும்ப வானொலி நிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவைச் சேர்த்திருந்தனர். தந்தையும் தாயும் சிறுவர்களான தாங்களும் பேசிப் பாடுவதை அதில் கேட்கலாம். மறு ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் ஐக் தம் புதல்வர்களோடு மேடையேறினார். ஆனால் சகோதரர்க்குள் ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1973 சூலை 14ஆம் நாள் கலிஃபோர்னியாவில் ஒரு மேடையிலேயே பிளவு வெளிப்பட்டது. தம்பி தன் கிதாரை உடைத்துவிட்டு வெளியேறினார். 1975இல் தந்தை இறந்தார். பிரிந்திருந்த அந்தப் பத்தாண்டில் அவருடைய இறுதிச் சடங்கில் மட்டுமே இருவரும் ஒருவரை ஒருவர் கண்டனர் என்று சொல்வர். 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் சேர்ந்து பாடினர். குரல்கள் பழையபடியே இணைந்தன. குரல்கள் இணைவதற்கு மனங்கள் முழுதும் இணைந்திருக்க வேண்டியதில்லை போலும்!

2013ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புதிய பதிவு வெளிவந்தது. பாடியவர்கள் உடன்பிறந்தவர் அல்லர். ஒருவர் கிரீன் டே என்ற ஆரவாரமான ராக் குழுவின் பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங். மற்றவர் சித்தார் மேதை ரவிசங்கரின் மகளாகிய நோரா ஜோன்ஸ். எவர்லி சகோதரரின் புகழ்பெற்ற பாட்டுகள் எத்தனையோ இருக்க, அவர்கள் அவற்றைத் தொடவில்லை. 1958இல் விற்பனையாகாத அந்தப் பன்னிரண்டு பாட்டுகளையே எடுத்து, ஒன்று விடாமல் பாடினர். அடுத்த 2014 சனவரி 3ஆம் நாள் பில் மறைந்தார். டான் 2021 ஆகஸ்டு 21ஆம் நாள் வரை இருந்தார்.